மாமாவுக்கு ஒரு மெமோ!

எங்கள் ஊரில் எம்.பி.ஏ. படித்தவர்களைவிட எம்.பி.ஏ. ‘படித்துக்கொண்டிருப்பவர்கள்’ அதிகம். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டாலும் ‘படிச்சுக்கிட்டிருக்கேண்ணே’தான். இப்போது கேட்டாலும் அதேதான். ‘ரெண்டே ரெண்டு பேப்பர் நிக்குது’ என்றோ, ‘ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி’ என்றோ ஒரு வால் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் வால் இல்லாமல் ‘எம்.பி.ஏ.’ என்று ஜோராக அச்சாகிவிடும். பெண் வீட்டார் மார்க் ஷீட்டா கேட்கப் போகிறார்கள்!

ஊர் என்றால் வீரசோழன். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. பெயரில்தான் சோழன், மண் முழுக்கப் பாண்டி நாடு. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியைத் தாண்டி, ஜன்னலோரம் சீமைக்கருவேலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தால் வந்து சேரலாம். மழை பெய்தால் கண்மாய், கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மிளகாய், பருத்தி, கரிமூட்டம். இவற்றில் எதிலும் ஒட்டாத பையன்கள் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போய் பி.காம். படிப்பார்கள். படித்து முடித்ததும் பஸ்ஸின் திசை மாறி மில், எக்ஸ்போர்ட் கம்பெனி, சென்னை என்று கிளம்புவார்கள். நானும் அப்படிக் கிளம்பிய பி.காம்.தான். நடுவில் எழுத்துப் பக்கம் இறங்கிவிட்டேன், அவ்வளவே வித்தியாசம்.

வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் ஒரு வியாதி வரும். கூட இருக்கிறவனுக்கு இன்க்ரிமென்ட் வந்து நமக்கு வராதபோது அதன் முதல் அறிகுறி தெரியும். அதற்கு மருந்து மேல்படிப்பு. எம்.பி.ஏ.வில் ஃபைனான்ஸ் எடுத்தால் கணக்கு இருக்கிறது. மார்க்கெட்டிங் எடுத்தால் டை கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் அலைய வேண்டும். மிச்சம் இருப்பது எச்.ஆர்., அதாவது மனித வள மேலாண்மை. ‘ஈஸிண்ணே, எல்லாம் தியரிதான், கதை விட்டுரலாம்’ என்று ஒருத்தன் கிளப்பிவிட, பத்துப் பேர் சேருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பத்தில் ஒருத்தனைப் பற்றியது. மீதி ஒன்பது பேருக்கும் உபயோகப்படலாம்.

பெயர் வேண்டாம். கல்லூரியில் எனக்கு ஐந்து வருஷம் ஜூனியர். ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். டைம் ஆபீஸ் என்றால் மில் கேட்டுக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் இருக்கும் சின்ன அறை. யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை மணிக்கு விரல் வைத்தார், யாருக்கு அரை நாள், யாருக்கு ஓ.டி. என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகும். சம்பளம் குறைந்தால் முதல் திட்டு வாங்குவதும் அங்கேதான். முதலாளியைத் திட்ட முடியாது, மேனேஜரைத் திட்ட பயம்; கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்தான் வாகாகக் கிடைப்பான்.

அவன் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ., எச்.ஆர். சேர்ந்தபோது மில்லில் யாருக்கும் சொல்லவில்லை. பார்சலில் வந்த புத்தகங்களைக் காக்கி அட்டை போட்டு வைத்துக்கொண்டான். முதல் செமஸ்டரில் மாஸ்லோ வந்தார். 1943-ல் அமெரிக்காவில் அவர் எழுதியதன் சாரம் இது: மனுஷனுக்கு முதலில் சோறு, தண்ணீர், அப்புறம் பாதுகாப்பு, அப்புறம் உறவு, அப்புறம் மரியாதை, எல்லாவற்றுக்கும் மேலே தன்னைத் தானே முழுசாக ஆக்கிக்கொள்வது. பாடப் புத்தகங்கள் அதை முக்கோணமாகப் போட்டுக் காட்டும். இதை ஊர் டீக்கடையில் பாயிடம் விளக்கிப் பார்த்தான். பாய் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, “அது சரி தம்பி, எங்க பக்கம் கல்யாணத்துல மொய் எழுதுறதுக்குக் கடன் வாங்குறாய்ங்களே. வீட்டுல சோறு இல்ல, மரியாதைக்கு ஐயாயிரம். அந்த முக்கோணத்தைத் தலைகீழாத் திருப்பிப் போடு” என்றாராம். மாஸ்லோவை விமரிசித்து எழுதிய பேராசிரியர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என்ன, பாய் டீக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

அந்த 550 ரூபாய்

படிப்பு உண்மையில் எங்கே கைகொடுத்தது என்றால், முக்கோணத்தில் இல்லை, பி.எஃப்.பில்.

மில்லில் ரொம்ப நாளாக ஒரு வதந்தி. ‘நம்ம சம்பளத்துல 1,800 பிடிக்கிறாய்ங்க. கம்பெனியும் 1,800 போடணும். ஆனா 550-தான் போடுறாய்ங்க. மிச்சத்தை அமுக்கிட்டாய்ங்க.’ பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 வாங்குகிறவரின் பாஸ்புக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தொழிலாளி பங்கு 1,800, கம்பெனி பங்கு 550. ஓரமாக இன்னொரு கட்டத்தில் 1,250 இருக்கும். அந்த ஓரக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

நம்ம ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைப் படித்தான். கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. சம்பளம் 15,000-க்கு மேலே எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்குக்கு 15,000-தான் உச்சவரம்பு. ஆகவே 1,250 பென்ஷனுக்கு, மிச்சம் 550 பி.எஃப்.புக்கு. பத்து வருஷம் சர்வீஸ் ஆனால் 58 வயதில் அந்த 1,250-களின் பலனாக மாதாமாதம் பென்ஷன் வரும். பத்து வருஷத்துக்குள் வேலையை விட்டால் மனு போட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். யாரும் எதையும் அமுக்கவில்லை.

இதை ஒரு ஏ4 தாளில் தமிழில் எழுதி, கேன்டீன் வாசலில் ஒட்டினான். எச்.ஆர். மேனேஜரிடம் அனுமதி கேட்டுத்தான். அவர் ஒட்டச் சொன்னதே ‘ஒரு எழவும் யாரும் படிக்கப் போறதில்ல’ என்ற நம்பிக்கையில். மறுநாள் மதியம் டைம் ஆபீஸ் ஜன்னலில் க்யூ நின்றது. ‘தம்பி, என் நம்பரைப் போட்டுப் பாரு’, ‘தம்பி, எனக்குப் பேரு தப்பா இருக்காமே’, ‘தம்பி, பழைய மில்லுப் பணம் என்னாச்சு?’ அந்த வாரத்தோடு திட்டு நின்றது. ‘தம்பி’ வந்தது.

அடுத்து கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் 15,600 என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 600. பதினைந்து நாளுக்கு 9,000. பத்து வருஷ சர்வீஸுக்கு 90,000. ஏன் 26? மாசத்தில் நாலு ஞாயிறு போனால் மிச்சம் அதுதான். இந்தக் கணக்கை டிகிரி படித்தவர்களே முப்பதால் வகுத்துக் குறைத்து வாங்கிக்கொண்டு போன கதையை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் எச்.ஆர். படிக்கிறீர்களோ இல்லையோ, 26-ஐ மட்டும் மறக்காதீர்கள்.

பெயர்ப் பலகை மாறிய கதை

எச்.ஆர். என்பது என்னவோ ஐ.டி. கம்பெனிகளோடு விமானத்தில் வந்து இறங்கியது மாதிரி ஒரு எண்ணம் இருக்கிறது. கிடையாது. நம்ம பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். கூலி உயர்வும் வார விடுமுறையும் முக்கியமான கோரிக்கைகள். தொழிலாளர்கள் பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே வ.உ.சி. கைதானார். பேச்சுவார்த்தை, கோரிக்கைப் பட்டியல், உடன்பாடு என்று இன்றைக்குத் ‘தொழில் உறவுகள்’ பேப்பரில் வரும் அத்தனை அத்தியாயமும் அந்த ஒன்பது நாளில் இருக்கிறது.

பத்து வருஷம் கழித்து, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர்; செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. எல்லோரும் சேர்ந்து நட்ட செடி. பின்னி மில் தொழிலாளர்களின் குறைகளிலிருந்து முளைத்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது மேஸ்திரி. அவர் வைத்ததுதான் சட்டம். மாமூல் கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே. இதைப் பார்த்துவிட்டுத்தான் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கும் வேலையை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி ‘லேபர் ஆபீஸர்’ என்று ஒருத்தரிடம் கொடுக்கச் சொன்னது. அப்புறம் 1948 தொழிற்சாலைகள் சட்டம். 500 தொழிலாளர் இருந்தால் ‘வெல்ஃபேர் ஆபீஸர்’ கட்டாயம் என்றது. இதற்கெல்லாம் ஆள் தயார் செய்யப் படிப்பு வேண்டுமே? பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936-லேயே வந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பித்த சமூகப் பணிப் பள்ளி 1952.

லேபர் ஆபீஸர், வெல்ஃபேர் ஆபீஸர் ஆனார், வெல்ஃபேர் ஆபீஸர், பெர்சனல் மேனேஜர் ஆனார், அவர் எச்.ஆர். மேனேஜர் ஆனார். பெயிண்டருக்கு நல்ல வேலை. 1985-ல் ராஜீவ் காந்தி அரசு கல்வி மந்திரி இலாகாவுக்கே ‘மனித வள மேம்பாடு’ என்று பெயர் வைத்தது. பி.வி. நரசிம்ம ராவ்தான் அதன் முதல் மந்திரி. 2020-ல் மறுபடி ‘கல்வி’ என்றே மாற்றிவிட்டார்கள். கம்பெனிகளில் அப்படித் திரும்பிப் போகவில்லை. இன்னும் ஏதேதோ புதுப்பெயர்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் எதுவானாலும், டைம் ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறவருக்கு அவர் ‘ஆபீஸர்’தான்.

தூங்கின கேஸ்

இனி மாமா.

நம்ம ஆளை மில்லுக்குள் கூட்டிப்போய் விட்டதே அவனுடைய ஒன்றுவிட்ட மாமாதான். ஸ்பின்னிங்கில் 19 வருஷ சர்வீஸ். ‘எங்க அக்கா மகன், பி.காம். படிச்சிருக்கான்’ என்று மேனேஜர் முன்னால் நிறுத்தியவர். 2024-ல், ஆடி மாசத்தில் ஒரு ராத்திரி, ரெண்டே முக்கால் மணிக்கு மிஷின் சந்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தட்டி எழுப்பவில்லை. செல்போனில் படம் எடுத்தார்.

காலையில் மேனேஜர் கூப்பிட்டு, “ராஜினாமா எழுதி வாங்கிட்டு அனுப்பிரு. உங்க ஆளுதானே, நீ சொன்னா கையெழுத்துப் போட்ருவாரு” என்றார்.

இந்த இடத்தில் அவன் என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ‘மாமாவைக் காப்பாத்தியிருக்கணும்’ என்றவர்கள் ஊர்க்காரர்கள். ‘சொன்னதைச் செஞ்சிருக்கணும், நம்ம வேலை முக்கியம்’ என்றவர்கள் ஆபீஸ்காரர்கள். அவன் ரெண்டையும் செய்யவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ‘தொழில் தகராறுச் சட்டம்’ பகுதியைப் படித்திருந்தான். “சார், 19 வருஷ சர்வீஸ். விசாரணை இல்லாம அனுப்பினா லேபர் கோர்ட்ல நிக்காது. விசாரணை வெச்சே அனுப்பினாலும், தண்டனை ஓவர்னு பட்டா 11-ஏ பிரிவுல கோர்ட்டே அதைக் குறைக்கலாம்” என்றான். மேனேஜருக்கு முதலாளியிடம் உள்ள பயத்தைவிட கோர்ட்டிடம் உள்ள பயம் அதிகம். “அப்ப மெமோ டைப் பண்ணு” என்றார்.

மாமாவுக்கு மெமோவை மருமகனே டைப் செய்தான். தமிழில். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனை மணி, நிலையாணையில் எந்தப் பிரிவு, பதில் கொடுக்க எத்தனை நாள் என்று எல்லாம் எழுதி. கொண்டுபோய்க் கொடுத்ததும் அவனே. மாமா வாங்கிப் படித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே வீரசோழனுக்குச் செய்தி போய்விட்டது. அம்மா போனில் அழுதார். “சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா... உன்னைய வேலைக்குச் சேத்துவிட்டவருடா அவரு...” அம்மாவுக்கு விளக்க எந்தப் பாடப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை.

உள்விசாரணை என்பது ஒரு சின்ன கோர்ட். குற்றம் சாட்டினவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. தொழிலாளி தனக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமாவது பிழைப்பூதியமாகக் கொடுத்தாக வேண்டும். ‘ஓஹோ, இதெல்லாம் இருக்கா?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் இவனிடம்தான் தெரிந்துகொண்டேன். மெமோ கொடுத்தவன் என்பதால் விசாரணை நடத்தும் பக்கம் தன்னைப் போட வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டான். வெளியிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்தார்.

கேஸ் திரும்பியது டைம் ஆபீஸில். மாமாவுக்குத் துணையாக வந்த தொழிலாளி, “முந்தின ஷிப்ட்டுப் பதிவேட்டைக் கொண்டாங்க” என்றார். கொண்டுபோனால், அந்த ராத்திரி ஷிப்ட்டுக்கு முந்தின ஷிப்ட்டிலும் மாமா வேலை பார்த்திருக்கிறார். மாற்று ஆள் வரவில்லை என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரெண்டு ஷிப்ட் சேர்த்து ஒரே ஆள். தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தூங்கியது மாமாவின் குற்றம்; தூங்க வைத்தது யார்? அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினது யார் என்று பார்த்தால், நம்ம ஆள்தான். தினமும் முந்நூறு பெயர் ஏற்றுகிறவனுக்கு ஒரு பெயரா நினைவிருக்கும்!

வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டிய கேஸ், நாலு நாள் சஸ்பென்ஷனோடு முடிந்தது. நைட் ஷிப்ட்டுக்கு உபரியாக ரெண்டு ஆள் போட்டார்கள். மூன்று மாசம் போட்டார்கள். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

மாமா இன்றைக்கும் அதே மில்லில்தான் இருக்கிறார். டைம் ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரில் ஒரு காதுகுத்தில் ரெண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தது. இலையில் பாயசம் ஊற்றும்வரை இருந்தார். பேசாமல் எழுந்து போய்விட்டார். ‘நான் எழுதி வாங்கியிருந்தா பேசியிருப்பாருண்ணே’ என்கிறான் இவன். அது உண்மை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார். மருமகனை நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பார். மெமோ என்ற காகிதம்தான் அவருக்கு ஆறவில்லை. வேலை போகாமல் இருந்ததே அந்தக் காகிதத்தால்தான் என்பதை யார் போய்ச் சொல்வது?

எங்கே சேருவது?

நிற்க. ‘சார், நானும் சேரலாம்னு இருக்கேன்’ என்கிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

அஞ்சல் வழிக் கல்வியைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நம் ஊர்ச் சரித்திரம் தெரியாதவர்கள். டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல் ஆரம்பித்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே இறங்கியது. தபாலில் வந்த பாடத்தைப் படித்துத்தான் நம் பக்கத்து வாத்தியார்கள், பேங்க் கிளார்க்குகள், கண்டக்டர்கள் பட்டதாரி ஆனார்கள். 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மனித வளத்துக்கென்றே எம்.பி.ஏ. வைத்திருக்கிறது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் காரைக்குடி அழகப்பா. முறையான அனுமதியோடு தொலைநிலையில் வாங்கிய பட்டம், நேரில் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூ.ஜி.சி.யே தெளிவுபடுத்திவிட்டது.

‘முறையான அனுமதியோடு’ என்ற இடத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் வேண்டும். 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தபாலில் நடத்திய இன்ஜினீயரிங் பட்டங்கள் செல்லாது. 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதற்கு அப்புறம் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அதை வைத்துப் பிரமோஷன் வாங்கி, பிள்ளை குட்டியோடு செட்டில் ஆனவர்கள் திரும்பப் பரீட்சை ஹாலுக்கு! ஆகவே சேருகிற பல்கலைக்கழகத்துக்கு, சேருகிற படிப்புக்கு, சேருகிற வருஷத்துக்கு அனுமதி உண்டா என்று யூ.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். மூன்றும் முக்கியம். போன வருஷ அனுமதி இந்த வருஷத்துக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்ட் மாடியில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று பேனர் கட்டியிருக்கும் அண்ணாச்சி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. எம்.பி.ஏ. ஒன்றே வழி என்று ஏன் நினைக்கிறீர்கள்? மில், ஃபேக்டரி பக்கம் வெல்ஃபேர் ஆபீஸர் உத்தியோகத்துக்குச் சட்டமே தகுதியைச் சொல்கிறது. சென்னையில் தொழிலாளர் துறையின் கீழ் 1973-லிருந்து தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. வேலை பார்க்கிறவர்களுக்கென்றே சாயங்கால டிப்ளமோவும், தொழிலாளர் சட்டங்களுக்கு வார இறுதி டிப்ளமோவும் நடத்திவருகிறது. சென்னையில் ரூம் எடுத்துக்கொண்டு, சனி ஞாயிறு சினிமாவிலும் துணி துவைப்பதிலும் காலம் கழிக்கும் நம் பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பளபளப்பான பெயர் இல்லை என்பதுதான் அதன் ஒரே குறை.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘லேபர் லாஸ்’ கைடை மட்டும் வாங்காதீர்கள். 2025 நவம்பர் 21-ல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 29 மத்திய சட்டங்கள் அதில் கரைந்துவிட்டன. 1948, 1947 என்று நம்ம ஆள் மனப்பாடம் செய்ததெல்லாம் இப்போது முன்னோர் கதை. வெல்ஃபேர் ஆபீஸருக்கு 500 தொழிலாளர் என்றிருந்தது 250 ஆகியிருக்கிறது. குறித்த காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குப் பதிலாக ஒரே வருஷத்தில் கிராஜுவிட்டி உண்டு. மறுபக்கம், நிலையாணைகள் கட்டாயம் என்ற எல்லை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு ஏறிவிட்டது. மாமாவின் மில் சின்னதாக இருந்திருந்தால் அந்த மெமோவின் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று இருதரப்பும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, தெரிந்து சொல்ல ஆள் தேவைப்படும் காலம் இது.

நேரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். திறந்தநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நாலு கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 120 மணி. ஒரு செமஸ்டருக்கு நாலே நாலு பேப்பர் என்றால்கூட 480 மணி. ஆறு மாசத்துக்கு 180 நாள். ஆக, ஒரு நாள் விடாமல் தினமும் 2 மணி 40 நிமிஷம். ஷிப்ட், பஸ், சாப்பாடு, தூக்கம், மொபைல் எல்லாம் போக இந்த ரெண்டே முக்கால் மணி எங்கிருந்து வரும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள். எங்கள் ஊரில் ‘படிச்சுக்கிட்டிருக்கிறவர்கள்’ இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான். நம்ம ஆள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தான். கல்யாணம் ஆனபின் அது அஞ்சரை ஆயிற்று. ரெண்டு வருஷப் படிப்பு மூன்று வருஷம் ஆனது. பரவாயில்லை, வால் இல்லாமல் முடித்தான்.

முடித்ததும் சம்பளம் எகிறிவிட்டதா? இல்லை. டெசிக்னேஷன் ‘அசிஸ்டென்ட், எச்.ஆர்.’ என்று மாறியது. ஒரு நாற்காலி கிடைத்தது. மேனேஜர் லீவில் போனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்தது. வேறு கம்பெனியிலிருந்து ஒரு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். ‘இங்க முந்நூறு பேரோட வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும்ணே. அங்க போனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்’ என்கிறான்.

போன மாசம் பேசிக்கொண்டிருந்தபோது பழைய அசைன்மென்ட் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். கேள்வி: ‘ஒழுங்கு நடவடிக்கை முறையை உங்களுக்குத் தெரிந்த நிறுவனத்தின் உதாரணத்துடன் விளக்குக.’ பெயர், ஊர் எல்லாம் மாற்றி, மாமா கேஸையே எழுதியிருந்தான். பன்னிரண்டு பக்கம். ஓரத்தில் சிவப்பு மையில் 62 என்று மார்க். கீழே ‘உதாரணம் நன்று’ என்று ஒரு குறிப்பு.

“மாமாவுக்கு நாலு நாள் சம்பளம் போச்சு. எனக்கு 62 மார்க் வந்துச்சுண்ணே” என்றான். நோட்டை மூடிக் காக்கி அட்டைக்குள் வைத்துவிட்டு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினான்.